டர்போ காரில் 200-லிருந்து 300 குதிரைத்திறன்: பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். உங்களிடம் இருப்பது 2 லிட்டர், நான்கு சிலிண்டர், பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் நேரடி இன்ஜெக்‌ஷன் கொண்ட டர்போ பெட்ரோல் கார். மேனுவல் கியர், 80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, தயாரிப்பாளர் சொல்லும் திறன் 200 குதிரைத்திறன். அதை 300 ஆக்க விரும்புகிறீர்கள். பணம் மொத்தமாக இல்லை, ஓராண்டுக்குள் தவணைகளாகத்தான் வரும். அதே காரில்தான் தினமும் வேலைக்கும் போக வேண்டும். இந்த நிலையில் முதலில் பெரிய டர்போவை (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று காற்றை இன்ஜினுக்குள் அழுத்தும் கருவி) வாங்குவதா, இன்டர்கூலரை (அப்படி அழுத்திச் சூடான காற்றைக் குளிர்விப்பது) வாங்குவதா என்பது உங்கள் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அதற்குள் மறைந்திருக்கும் இன்னொரு கேள்வியை முதலில் தீர்க்க வேண்டும்: 300 என்ற எண்ணைத் தொட்டதும் செலவு நின்றுவிடுமா, அல்லது அந்த எண்ணே அடுத்த செலவை இழுத்துக்கொண்டு வருமா? டர்போ இன்ஜின்களை டியூன் செய்வது பல ஆண்டுகளாக என் தொழில். ஆனால் உங்கள் காரை நான் பார்க்கவில்லை. ஆகவே எது உறுதியானது, எது ஊகம் என்பதை ஆங்காங்கே பிரித்தே சொல்கிறேன்.

டர்போ காரில் செலவு, திறனோடு சேர்ந்து சீராக ஏறுவதில்லை, படிக்கட்டாக ஏறுகிறது. ஒரு படிக்குள் நிற்கும்வரை கூடுதல் திறன் மலிவாகவே கிடைக்கும். அதன் விளிம்பைத் தாண்டி இன்னும் 15 குதிரைத்திறன் கேட்டால்கூட, ஒரு பெரிய பாகத்தையும் அதை ஒட்டிய நாலைந்து பாகங்களையும் மாற்ற வேண்டிவரும். முதல் படி, காரோடு வந்த பாகங்களை அப்படியே விட்டுவிட்டு இன்ஜினை இயக்கும் கணினியான ஈசியூவின் மென்பொருளை மட்டும் மாற்றுவது, அதாவது ரீமேப். டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் இது பொதுவாக 15 முதல் 30 சதவீதம் வரை கூடுதல் திறன் தரும். இரண்டாவது படியில் அதே டர்போ இருக்கும். இன்டர்கூலர், டவுன்பைப் (டர்போவிலிருந்து எக்ஸாஸ்ட் வெளியேறும் குழாய்), காற்று உள்ளே வரும் குழாய் ஆகியவை மாறும். மூன்றாவது படி பெரிய டர்போ. எரிபொருள் அமைப்பும் கிளட்சும் அதோடு ஒட்டிக்கொண்டே வரும். நான்காவது படியில் இன்ஜினையே பிரித்து அடித்து உருவாக்கிய வலுவான (ஃபோர்ஜ்டு) பிஸ்டனும், அதைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் போட வேண்டும். விற்பவர்கள் இவற்றுக்கு ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களுக்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது, ஒருவர் இரண்டு என்று விற்பதை இன்னொருவர் ஒன்று என்று விற்பார். உங்கள் 200 முதல் படியில் 230 முதல் 260 வரை போகலாம். 300 என்பது பல 2 லிட்டர் இன்ஜின்களில் இரண்டாம் படியின் கடைசி ஓரத்திலோ மூன்றாம் படியின் தொடக்கத்திலோ விழுகிற எண். அது எந்தப் பக்கம் விழுகிறது என்பதை வைத்துத்தான் உங்கள் மொத்தச் செலவும் நிர்ணயமாகும்.

அதை ஓரளவு கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். பெட்ரோல் இன்ஜினின் திறன், அது உள்ளிழுக்கும் காற்றின் எடையைப் பொறுத்தது. ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 45 கிராம் காற்று என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 200-க்குச் சுமார் 9 கிலோ, 300-க்குச் சுமார் 13.5 கிலோ. நான்கு வீச்சு இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவை நிரப்புகிறது என்பதால், உங்கள் 2 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு 6000 லிட்டர் இடத்தை நிரப்புகிறது. அந்த இடத்துக்குள் 13.5 கிலோ காற்றை அடைக்க, இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று 50 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால், 1.2 முதல் 1.3 பார் வரை பூஸ்ட் தேவைப்படும். பூஸ்ட் மீட்டர் காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலுள்ள அழுத்தத்தை மட்டுமே; 1.2 என்று காட்டினால் உண்மையான அழுத்தம் சுமார் 2.2 பார். ஏர் ஃபில்டரிலும் இன்டர்கூலரிலும் இழப்பதைச் சேர்த்தால் டர்போ செய்ய வேண்டிய அழுத்த விகிதம் (வெளிவரும் அழுத்தத்தை உள்ளே போகும் அழுத்தத்தால் வகுத்தது) 2.3, 2.4 என்று போகும். அந்த விகிதத்தில் 13.5 கிலோ காற்றை உங்கள் டர்போவால் தர முடியுமா என்பதுதான் பார்க்க வேண்டியது. கேரட், போர்க்வார்னர் போன்ற நிறுவனங்கள் தனியாக விற்கும் டர்போக்களுக்கு இதைக் காட்டும் கம்ப்ரசர் (டர்போவில் காற்றை அழுத்தும் பகுதி) வரைபடத்தை வெளியிடுகின்றன. காரோடு வந்த டர்போவுக்கு அது பெரும்பாலும் கையில் கிடைக்காது. அதே இன்ஜினை வைத்திருக்கும் மற்றவர்களின் டைனோ (திறனை அளக்கும் கருவி) தாள்களையும், ஓடும்போது ஈசியூவிலிருந்து பதிவான டேட்டா லாக்குகளையும் பார்த்துத்தான் எல்லையை ஊகிக்க வேண்டும்.

டர்போவால் முடியாத அளவுக்கு அதை முடுக்கினால் அழுத்தம் வரத்தான் செய்யும். அதைவிட அதிகமாகச் சூடு வரும். வெளிக்காற்று 30 டிகிரி, அழுத்த விகிதம் 2.2 என்று கொள்வோம். கம்ப்ரசர் 70 சதவீதச் செயல்திறனில் இயங்கினால் காற்று சுமார் 140 டிகிரியில் வெளிவரும். செயல்திறன் 60-க்கு இறங்கினால் 158-ஐத் தொடும். மீட்டரில் பூஸ்ட் மாறவில்லை, உள்ளே போகும் காற்றின் எடையோ குறைந்துவிட்டது. கூடவே நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவது) அபாயமும் ஏறுகிறது. ஈசியூ அதைக் கேட்டதும் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறது. தாமதமான ஸ்பார்க் எக்ஸாஸ்ட் வெப்பத்தை ஏற்றுகிறது. அந்த வெப்பத்தைத் தணிக்க ஈசியூ கூடுதல் பெட்ரோலை ஊற்றுகிறது. கடைசியில் பூஸ்ட் 0.2 பார் கூடியிருக்கும், திறன் 5 குதிரை மட்டுமே கூடியிருக்கும். இன்டர்கூலருக்கு நான் மதிப்புத் தருவது இதனால்தான். கம்ப்ரசர் ஏற்றிய சூட்டில் 70 சதவீதத்தை எடுக்கும் இன்டர்கூலர் அந்த 140-ஐ 63 ஆகக் குறைக்கும். 80 சதவீதம் எடுப்பது 52 ஆகக் குறைக்கும். காற்றின் அடர்த்தியில் இது 3 சதவீதத்தைச் சற்றே தாண்டும் வித்தியாசம்தான். ஆனால் அந்த 11 டிகிரி, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தாமல் காப்பாற்றுவதில் தரும் பலன் அதைவிடப் பெரியது, அதுவும் அடுத்தடுத்து முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது.

இதற்குத் தொழிற்சாலையே ஒரு நல்ல சான்றை வைத்திருக்கிறது. ஃபோக்ஸ்வேகனின் ஏழாம் தலைமுறை கோல்ஃப் காரில், ஜிடிஐ மாடலும் ஆர் மாடலும் இஏ888 என்ற ஒரே இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டும் 2 லிட்டர். தொடக்கத்தில் ஜிடிஐ 220, ஆர் 300 மெட்ரிக் குதிரைத்திறன். அந்த 80-க்காக அவர்கள் ஐஎச்ஐ நிறுவனத்தின் ஐஎஸ்20 டர்போவை எடுத்துவிட்டுப் பெரிய ஐஎஸ்38-ஐப் போட்டார்கள். பிஸ்டன், சிலிண்டர் ஹெட், எக்ஸாஸ்ட் வால்வு, இன்ஜெக்டர் ஆகியவற்றையும் மாற்றினார்கள். உத்தரவாதத்தைச் சுமக்க வேண்டிய தயாரிப்பாளர் எடுத்துக்கொள்ளும் பாதுகாப்பு விளிம்பு உங்களுக்கு அவசியமில்லாமல் இருக்கலாம். என்றாலும் 200-ஐ ஒட்டிய இன்ஜினுக்கும் 300-க்கும் நடுவில் எத்தனை பாகங்கள் நிற்கின்றன என்பதை அந்தப் பட்டியல் சொல்கிறது.

திறனைவிட டார்க்கைப் (இன்ஜினின் முறுக்குவிசை) பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. குதிரைத்திறன் என்பது டார்க்கையும் சுற்றையும் பெருக்கி, சுமார் 7120-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண். 300 குதிரைத்திறனை 6000 சுற்றில் எடுத்தால் அங்கே தேவைப்படும் டார்க் 356 நியூட்டன் மீட்டர். அதே 300-ஐ 4500 சுற்றில் எடுத்தால் 475. கனெக்டிங் ராடை வளைப்பதும், கிளட்சை வழுக்கச் செய்வதும், கியர்ப் பல்லை உடைப்பதும் டார்க்தான், அதிலும் குறைந்த சுற்றில் திடீரென்று எழும் டார்க். சிறிய டர்போவில் 2000 சுற்றிலேயே முழு பூஸ்ட்டை ஏற்றிவிடும் மென்பொருள், ஓட்டும்போது முதுகை இருக்கையில் அழுத்தும்; வாங்கியவருக்கு உடனே பிடித்துப்போகும். உள்ளே நடப்பது வேறு. அந்தச் சுற்றில் பிஸ்டன் மெதுவாக நகர்வதால், சிலிண்டருக்குள் எழும் உச்ச அழுத்தத்தை ராட் நீண்ட நேரம் தாங்க வேண்டியிருக்கிறது. நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்களில் இதோடு குறைசுற்று முன்பற்றல் என்ற அபாயமும் உண்டு: ஸ்பார்க் வருவதற்கு முன்பே எண்ணெய்த் துளி ஒன்றோ கார்பன் துகள் ஒன்றோ கலவையைப் பற்றவைத்துவிட, ஒரே நிகழ்வில் பிஸ்டன் உடையலாம். எண்ணெயில் உள்ள கால்சியம் சார்ந்த டிடர்ஜென்ட் இதைத் தூண்டுகிறது என்று தெரிந்த பிறகுதான், அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ-யிடமிருந்து 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் ஏபிஐ எஸ்பி என்ற எண்ணெய்த் தரங்கள் வந்தன. ஆகவே டியூன் செய்பவரிடம் "எத்தனை குதிரை?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "2500 சுற்றில் டார்க்கை எவ்வளவில் கட்டுப்படுத்துவீர்கள்?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தயங்குபவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

எரிபொருளில் உங்கள் காருக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இன்டேக் குழாயில் பெட்ரோலைத் தெளிக்கும் பழைய வகை இன்ஜினாக இருந்தால் கணக்கு எளிது: 300 குதிரைத்திறனுக்கு நான்கு இன்ஜெக்டர்களும் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 550 முதல் 600 கன சென்டிமீட்டர் தருபவையாக இருக்க வேண்டும். அந்த வகையில் 6000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்கான 20 மில்லி விநாடியில் பெரும்பகுதியை இன்ஜெக்டர் பயன்படுத்திக்கொள்ளலாம். நேரடி இன்ஜெக்‌ஷனிலோ காற்று உள்ளே வரும் வீச்சு முழுவதற்குமே 5 மில்லி விநாடிதான். ஏறக்குறைய அதற்குள்ளேயே முழுப் பெட்ரோலும் தெளிக்கப்பட்டுவிட வேண்டும். எனவே இன்ஜெக்டரின் அளவைவிட உயர் அழுத்தப் பம்பு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறதா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. லாக்கில் ஈசியூ கேட்ட அழுத்தம் 200 பார் என்றிருந்து, 5500 சுற்றுக்கு மேல் கிடைக்கும் அழுத்தம் 160, 150 என்று சரிந்தால், அங்கே உங்கள் படி முடிந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் போக வேண்டுமானால் பம்பின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனால் கலந்த இ85 எரிபொருள் கிடைக்கும் இடங்களில் பலர் அதை நாக்கிங்கிற்கு மருந்தாகப் பரிந்துரைப்பார்கள். மருந்து என்பது உண்மைதான். ஆனால் அதே திறனுக்குக் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிக எரிபொருள் வேண்டும் என்பதால், பம்பின் எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

இனி வரிசைக்கு வருகிறேன். முதல் தவணைப் பணம் எந்தப் புதுப் பாகத்துக்கும் போகக் கூடாது. இப்போதிருக்கும் இன்ஜின் தன் 200-ஐ உண்மையிலேயே தருகிறதா என்று பார்ப்பதற்குப் போக வேண்டும். கம்ப்ரஷன் சோதனை (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது), சிலிண்டரின் அழுத்தக் கசிவுச் சோதனை, புகைவிட்டுப் பார்க்கும் பூஸ்ட் கசிவுச் சோதனை, ஒரு டைனோ ஓட்டம். 80,000 கிலோமீட்டர் ஓடிய நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில், பெட்ரோல் வந்து கழுவாத காரணத்தால் இன்டேக் வால்வுகளின் முதுகில் கரி படிந்திருக்கும். சில இன்ஜின்களில் அதைச் சுத்தம் செய்தாலே மேல்சுற்றில் இழந்த திறன் திரும்பிவிடும். கசிவுச் சோதனையை நேரில் நின்று பாருங்கள். டர்போவின் வாய்க்குழாயை அடைத்து, ஒரு பார் அளவுக்குக் காற்றையும் புகையையும் ஏற்றிச் சில நொடிகள் காத்திருந்தால், இன்டர்கூலர் குழாயின் ரப்பர் ஹோஸ் கிளிப்பைச் சந்திக்கும் இடத்திலோ, பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு மடிக்கப்பட்ட விளிம்பிலோ மெல்லிய நூலாகப் புகை கிளம்பும். அங்கே விரலை வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டும். ஈசியூ கேட்ட பூஸ்ட்டைக் கொடுப்பதற்காக, அந்தக் கசிவை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுழன்றுகொண்டிருக்கும்; ஓட்டுபவருக்குத் தெரியாது. இதன்மேல் ரீமேப் செய்வது, ஏற்கெனவே எல்லையில் ஓடும் டர்போவை இன்னும் விரட்டுவதுதான். கம்ப்ரஷனில் சிலிண்டர்களுக்கிடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால், திறன் கூட்டும் திட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை இன்ஜினுக்குச் செலவிடுங்கள்.

இரண்டாவது தவணை டியூன் செய்பவருக்கு. பாகங்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு கடைசியில் ஆளைத் தேடுவதுதான் வழக்கமாக நடப்பது. அது தலைகீழ் வரிசை. உங்கள் ஈசியூவை அவரால் முழுமையாகத் திறக்க முடியுமா, எந்தெந்த இன்ஜெக்டர்களுக்கு, எந்தெந்த சென்சர்களுக்கு அவரிடம் சரியான அளவீடுகள் உள்ளன என்பது தெரிந்த பிறகுதான் எந்தப் பாகத்தை வாங்குவது என்பதே முடிவாகும். நல்லவர் ஒருவர் முதலில் கேட்பது லாக். மூன்றாவது அல்லது நான்காவது கியரில், பாதுகாப்பான இடத்தில், 2500-லிருந்து உச்சச் சுற்றுவரை ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திய ஒரே மிதி. அதில் நான் முதலில் பார்ப்பது பூஸ்ட்டை அல்ல, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஸ்பார்க் எத்தனை டிகிரி (கிராங்க் சுழலும் கோணத்தில்) பின்வாங்கியிருக்கிறது, அதாவது தாமதமாகியிருக்கிறது என்பதைத்தான். நான்கிலும் ஒன்றிரண்டு டிகிரி அங்குமிங்கும் என்றால் அது பெட்ரோலின் தரத்தையும் சூட்டையும் காட்டுகிறது. மூன்று சிலிண்டர்கள் அமைதியாக இருக்க, ஒன்று மட்டும் ஒவ்வொரு ஓட்டத்திலும் 4, 5 டிகிரி பின்வாங்கினால், பெட்ரோலைக் குறை சொல்ல முடியாது. அந்த ஒரு இன்ஜெக்டரையோ பிளக்கையோ கரியையோ தேட வேண்டும். அடுத்தது வேஸ்ட்கேட் (பூஸ்ட்டைக் கட்டுப்படுத்த, எக்ஸாஸ்ட்டை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) எவ்வளவு மூடியிருக்கிறது என்பது. இலக்கு பூஸ்ட்டை எட்டுவதற்கு அது முழுவதும் மூடியே இருக்க வேண்டியிருந்தால், டர்போவிடம் கொடுக்க இனி எதுவும் மீதமில்லை.

இந்தக் கட்டத்திலேயே ஸ்பார்க் பிளக்கையும் மாற்றிவிடுங்கள்: ஒரு படி குளிர்ந்த வகை (சூட்டை வேகமாக வெளியே கடத்துவது), இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் ஏறினால் குளிர்ந்தது. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் ஏறினால் சூடானது. நிறுவனம் மாறி வாங்கும்போது இதில் தடுக்கி விழுபவர்கள் அதிகம்.

மூன்றாவது தவணைதான் இன்டர்கூலருக்கு. ஆக உங்கள் இரண்டில் ஒன்று என்ற கேள்விக்கு நேரான பதில், இன்டர்கூலரே முன்னால். பெரிய டர்போ வந்தாலும் அது வீணாகாது. டர்போவே வராமல் போனாலும் அது தன் பலனைத் தரும். டவுன்பைப்பும் நல்ல பலன் தருவதுதான், டர்பைனுக்குப் (டர்போவில் எக்ஸாஸ்ட் சுழற்றும் சக்கரம்) பின்னால் உள்ள எதிரழுத்தம் குறையும். ஆனால் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். தினமும் ஓட்டும் காரில், ஆய்வுக்கு நிற்க வேண்டிய காரில், அதை நான் செய்துகொடுப்பதில்லை. அதிகம் பாயவிடும் கன்வர்ட்டர் உள்ள டவுன்பைப் கிடைத்தால், உங்கள் நாட்டு விதி அனுமதித்தால், வாங்குங்கள். காற்று உள்ளே வரும் குழாய்க்கும் ஃபில்டருக்கும் முதலில் பணம் போட வேண்டாம். இந்தத் திறனில் அதன் பலன், அது எழுப்பும் சத்தத்தைவிடச் சிறியது.

கிளட்சை எப்போது மாற்றுவது என்பது பாகத்தின் விலையைவிட உழைப்புக் கூலியின் கேள்வி. கியர்பாக்ஸை இறக்குவதுதான் பெரிய செலவு. இறக்கிய பிறகு கிளட்ச், ஃப்ளைவீல், ரிலீஸ் பேரிங், பின்புற எண்ணெய் சீல் ஆகியவற்றை ஒரே நாளில் முடித்துவிட வேண்டும். ரீமேப் முடிந்த முதல் வாரமே ஐந்தாவது கியரில் மலையேறும்போது சுற்று ஏறி வேகம் ஏறாமல் போனால், அது கிளட்ச் வழுக்குவது. மேனுவல் கியர் என்பதில் உங்களுக்கு ஒரு நன்மை உண்டு. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் டிகியூ200 என்ற உலர் வகை இரட்டைக் கிளட்ச் பெட்டி 250 நியூட்டன் மீட்டருக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டது. அதே குழுமத்தின் டிகியூ500 பெட்டியோ 600 வரை தாங்கும். அத்தகைய தானியங்கிப் பெட்டி உள்ள காரில், இன்ஜினைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே பெட்டியின் எண்ணைப் பார்த்துப் பேச்சை முடித்துவிடலாம். பிரேக் பேடு, பிரேக் எண்ணெய், டயர் ஆகியவற்றுக்கும் பணம் வேண்டும் என்பதை நான் சொல்லாமலே நீங்கள் அறிவீர்கள். ஆனால் பட்டியலில் எழுதி வையுங்கள், எழுதாவிட்டால் அது நடக்காது.

பணத்தைப் பிரிப்பதற்கு நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. இது அனுபவத்தில் அமைந்தது, எல்லாக் காருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். மொத்தத்தை 100 பங்காக வைத்துக்கொண்டால், முதல் 20 பங்கு மேலே சொன்ன சோதனைகளுக்கும் அவை காட்டும் பழுதுகளுக்கும். கடைசி 20 பங்கு யாரும் தொடக் கூடாத இருப்பு. ஒரு போல்ட் உடைந்தாலோ, கார் ஒரு வாரம் பட்டறையில் நின்று நீங்கள் வேறு வண்டியில் போக வேண்டிவந்தாலோ, அதற்கான பணம் இதிலிருந்துதான் வரும். நடுவில் உள்ள 60-ல் மென்பொருளுக்கும் டைனோவுக்கும் 20, கிளட்சுக்கு 20-ஐ ஒட்டி, இன்டர்கூலருக்கு 15-க்குள், மீதி கேஸ்கட், ஹோஸ், கிளிப், பிளக், எண்ணெய், கூலன்ட் போன்ற சில்லறைகளுக்கு. சில்லறை என்று சொல்லிவிட்டேனே தவிர, பெரும்பாலான திட்டங்கள் கவிழ்வது அங்கேதான். பெரிய டர்போவுக்குப் போவதென்றால் இந்தப் பிரிவு செல்லாது. அந்தப் படியில் டர்போவின் விலை மொத்தச் செலவில் பாதியைத் தாண்டி நான் பார்த்தது அரிது. எண்ணெய்க் குழாய், கூலன்ட் குழாய், மேனிஃபோல்டு, எரிபொருள் பம்பு, மறுபடியும் ஒரு டியூனிங் என்று மறுபாதி வரும். எனவே டர்போவின் விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு டர்போவை வாங்காதீர்கள். பெட்டியில் கிடக்கும் டர்போ ஒரு குதிரைத்திறனும் தராது, அதற்குள் உத்தரவாதக் காலம் மட்டும் கழிந்துகொண்டிருக்கும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. உங்கள் கனெக்டிங் ராடு எத்தனை நியூட்டன் மீட்டரில் வளையும் என்பதற்குத் திட்டவட்டமான எண் கிடையாது. பலர் ஒரு எண்ணைச் சொல்வார்கள்; அது உடைந்த சில இன்ஜின்களிலிருந்து பின்னோக்கி ஊகித்தது. அவை டார்க்கால் உடைந்தனவா, நாக்கிங்கால் உடைந்தனவா, எண்ணெய் குறைந்து உடைந்தனவா என்பது பெரும்பாலும் யாரும் பிரித்துப் பார்க்காதது. ரீமேப் செய்த இன்ஜின் இன்னும் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் என்பதும் அப்படியே. தேய்மானம் கூடும் என்பது உறுதி, எவ்வளவு கூடும் என்பது ஓட்டுபவரின் வலது காலில் இருக்கிறது. டைனோ எண்களையும் கவனமாகப் படியுங்கள். சக்கரத்தில் அளந்த எண்ணும் கிராங்கில் சொல்லும் எண்ணும் வேறு; இடையில் உள்ள இழப்பை 15 சதவீதம் என்று எல்லாக் காருக்கும் பொதுவாகச் சொல்வது வசதிக்கான வழக்கம் மட்டுமே. வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் திருத்தும் முறையை எஸ்ஏஇ என்ற தரத்திலிருந்து எஸ்டிடி என்ற தரத்துக்கு மாற்றினாலே எண் சுமார் 4 சதவீதம் ஏறும். 300-இல் அது 12 குதிரை, ஒரு பைசா செலவில்லாமல். முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே திருத்த முறையில், ஒரே கியரில் அளந்த இரண்டு தாள்களின் வித்தியாசத்தை மட்டும் நம்புங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டுமா என்பதை உங்கள் ஆவணத்தில் படித்துக்கொள்ளுங்கள். உத்தரவாதம் இன்னும் இருந்தால், மென்பொருளைப் பழையபடி மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பல ஈசியூக்கள் எத்தனை முறை எழுதப்பட்டோம் என்பதைத் தாமே குறித்து வைத்துக்கொள்கின்றன.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 300-ஐ ஒதுக்கி வைத்துவிட்டு, 260-ஐ ஒட்டி ஒரு இலக்கை எழுதிக்கொள்வேன். முதல் நான்கு மாதம் சோதனைகள், பழுதுகள், கரி நீக்கம். பிறகு பிளக்கும் டார்க்கை அளவோடு வைத்த ரீமேப்பும். கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் உடனே அது, வழுக்காவிட்டால் இன்டர்கூலர். அதன்பின் மூன்று மாதம் ஓட்டிவிட்டு, வேஸ்ட்கேட்டும் எரிபொருள் அழுத்தமும் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கின்றன என்று லாக்கில் பார்ப்பேன். மிச்சம் இருந்தால் 280 அல்லது 290 என்பது இன்னொரு மென்பொருள் திருத்தத்தின் விலையில் கிடைக்கக்கூடும். மிச்சம் இல்லாமல், 300-தான் வேண்டும் என்ற ஆசையும் குறையாமல் இருந்தால், மூன்றாம் படிக்கான முழுச் செலவை ஒரு தாளில் எழுதி, அதற்குப் பக்கத்தில் உங்கள் காரை விற்றுவிட்டுத் தொழிற்சாலையிலேயே 300 உள்ள ஒரு பழைய காரை வாங்க எவ்வளவு கூடுதலாகப் போட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அந்த ஒப்பீட்டில், போட்ட பாகங்களைப் பிற்பாடு விற்றால் கிடைக்கும் பணத்தை வரவில் சேர்க்காதீர்கள். விற்கிற நாளில் அது பாதிகூடத் தேறாது.